வாரண்ட் இல்லாத துப்பறிவாளர்: 'வெரோனிகா மார்ஸ்' தொடரில் நடிப்பும் உறவுகளும்

ஒரு காவல்துறை அதிகாரி கொலை வழக்கை விசாரிக்கும்போது அவரிடம் வாரண்ட் இருக்கிறது, தடயவியல் கூடம் இருக்கிறது, கதவைத் தட்டினால் திறந்தே ஆகவேண்டும் என்கிற அதிகாரம் இருக்கிறது. அதே வழக்கைப் பதினேழு வயதுப் பள்ளி மாணவி கையில் எடுத்தால் அவளிடம் என்ன இருக்கும்? ஒரு தோழன், ஒரு முன்னாள் காதலன், அப்பாவின் அலுவலகச் சாவி. அவ்வளவுதான். பதின்பருவ மர்மத் தொடர்களைக் 'காதல் கதைக்கு நடுவே ஒரு கொலை' என்று எள்ளி நகையாடுபவர்கள் கவனிக்கத் தவறுவது இதைத்தான். அந்தத் தொடர்களில் நட்பும் காதலும் பாசமும்தான் விசாரணை முறை. பழக்கம் இருக்கிற வீட்டுக்குள்தான் அவளால் நுழைய முடியும். ஒவ்வொரு துப்புக்கும் ஒரு நம்பிக்கையை விலையாகக் கொடுக்க வேண்டும்.

இந்தக் கணக்கை மிகத் தெளிவாகப் புரிந்துவைத்திருந்த தொடர் என்று நான் கருதுவது, ராப் தாமஸ் உருவாக்கி 2004 செப்டம்பர் 22 அன்று அமெரிக்காவின் யுபிஎன் தொலைக்காட்சியில் தொடங்கிய 'வெரோனிகா மார்ஸ்'. குறிப்பாக அதன் முதல் சீசன், 22 அத்தியாயங்கள். கொலையாளி யார் என்பது உட்பட எல்லா முடிச்சுகளையும் இங்கே அவிழ்த்துத்தான் பேசப்போகிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரலாம், கட்டுரை காத்திருக்கும்.

கதை நடப்பது கலிபோர்னியாவில் நெப்டியூன் என்கிற கற்பனைக் கடற்கரை நகரத்தில். படப்பிடிப்பு நடந்தது சான் டியேகோவில். கோடீஸ்வரர்களும் அவர்களிடம் வேலை பார்ப்பவர்களும் மட்டுமே வாழ்கிற ஊர், நடுத்தர வர்க்கம் என்று ஒன்று அங்கே கிடையாது என்பது தொடரின் நிலைப்பாடு. மென்பொருள் கோடீஸ்வரர் ஜேக் கேனின் மகள் லில்லி கொலைசெய்யப்படுகிறாள். வெரோனிகாவின் நெருங்கிய தோழி அவள். வெரோனிகாவின் தந்தை கீத் மார்ஸ்தான் ஊரின் ஷெரிஃப், அதாவது காவல்துறைத் தலைவர். அவர் செத்துப்போனவளின் தந்தை மீதே சந்தேகப்படுகிறார். ஊர் கொதித்தெழுந்து அவரைப் பதவியிலிருந்து இறக்குகிறது. மனைவி வீட்டைவிட்டுப் போய்விடுகிறாள். அப்பாவின் பக்கம் நின்ற குற்றத்துக்காக வெரோனிகாவைப் பணக்கார நண்பர் கூட்டம் ஒதுக்குகிறது. பிறகு ஒரு விருந்தில் யாரோ பானத்தில் போதைமருந்து கலந்துவிட, அவள் பாலியல் வன்முறைக்கு உள்ளாகிறாள். புகார் கொடுக்கப் போனால் புதிய ஷெரிஃப் கேலி பேசி அனுப்புகிறார். இவ்வளவும் முதல் அத்தியாயத்திலேயே சொல்லப்பட்டுவிடுகிறது. தொடர் தொடங்கும்போதே அவள் எல்லா உறவுகளையும் இழந்து நிற்பவள். ஆனால் வழக்கு முழுக்க அந்த இழந்த உறவுகளுக்குள்ளேதான் புதைந்து கிடக்கிறது.

வெரோனிகாவாக நடித்த கிறிஸ்டன் பெல்லுக்கு இரட்டை வேலை. ஒன்று முகம், இன்னொன்று பின்னணிக் குரல். பழைய கறுப்பு வெள்ளைத் துப்பறியும் படங்களில் களைத்துப்போன ஆண் துப்பறிவாளர்கள் பேசிக்கொண்டே போவார்களே, அந்த அலுப்பும் நக்கலும் கலந்த குரல். குரலில் எதற்கும் அசையாதவள், முகத்தில் எல்லாம் தெரிந்துவிடுகிற பிள்ளை. இரண்டுக்கும் இடையிலான அந்தப் பிளவில்தான் பாத்திரமே இருக்கிறது. குரலில் நக்கல் ஓடிக்கொண்டிருக்கும்போது பெல் முகத்தில் நக்கலைச் சேர்ப்பதில்லை. பெரும்பாலும் எதிரே இருப்பவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பார், அவ்வளவுதான். அந்த அடக்கம் இல்லையென்றால் பின்னணிக் குரல் வெறும் வசனப் பெருக்கமாகச் சரிந்திருக்கும்.

வயதைப் பற்றி ஒரு வார்த்தை. தொடர் தொடங்கியபோது பெல்லுக்கு 24 வயது. லோகன் எக்கோல்ஸாக நடித்த ஜேசன் டோரிங்குக்கு 22. இது வெறும் வசதிக்கான ஏற்பாடு. கலிபோர்னியா சட்டப்படி, பள்ளியில் படிக்கும் 16, 17 வயது நடிகர்களைப் பொதுவாக நாளொன்றுக்கு 6 மணி நேரத்துக்கு மேல் நடிக்க வைக்க முடியாது, அதோடு 3 மணி நேரம் படிப்புக்கு ஒதுக்க வேண்டும். ஏறக்குறைய எல்லாக் காட்சிகளிலும் வருகிற கதாநாயகிக்கு இது கட்டுப்படியாகாது. ஆகவே பெரியவர்களைப் பிள்ளைகளாக நடிக்க வைக்கிறார்கள். அதற்கு ஒரு விலை உண்டு, அதைப் பிறகு பார்ப்போம்.

அப்பாவும் மகளும்

ரசிகர்கள் இருபது ஆண்டுகளாக வெரோனிகாவின் காதலன் யார் என்றுதான் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். என்னைக் கேட்டால் தொடரின் முதுகெலும்பு காதல் இல்லை, கீத் மார்ஸ். என்ரிகோ கோலன்டோனி அதற்கு முன் 1997 முதல் 2003 வரை ஒரு நகைச்சுவைத் தொடரில் ஏழு சீசன்கள் நடித்தவர். அந்தப் பயிற்சி இங்கே வேறு விதமாகப் பயன்பட்டது. தந்தையும் மகளும் சமையலறையில் நின்று ஒருவரையொருவர் வாரிக்கொண்டே இருப்பார்கள். அவர் சொல்வது மொக்கை நகைச்சுவை என்று அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். பதவி போய், மனைவி போய், ஊரில் மரியாதை போய் நிற்கிற ஒரு மனிதர், மகள் முன்னால் உடைந்துபோகக் கூடாது என்பதற்காகத்தான் அப்படிச் சிரிக்கிறார் என்பதைக் கோலன்டோனி ஒருமுறைகூட விளக்கிக் காட்டுவதில்லை. நகைச்சுவை முடிந்தபின் முகத்தை அரை நொடி தாமதித்துத் திருப்புவார். நமக்குப் புரிந்துவிடும்.

பாசம் இவ்வளவு இருந்தும் இருவரும் ஒருவரிடமிருந்து ஒருவர் மறைத்துக்கொண்டே இருக்கிறார்கள் என்பதுதான் கதையின் கெட்டிக்காரத்தனம். லில்லி வழக்கை அப்பா இன்னும் ரகசியமாகத் தோண்டிக்கொண்டிருப்பதை மகள் கண்டுபிடிப்பது அவருடைய பெட்டகத்தைத் திறந்துதான். மகளைக் காப்பாற்ற அவர் மறைக்கிறார், அப்பாவைக் காப்பாற்ற அவள் மறைக்கிறாள். ஒன்பதாவது அத்தியாயத்தில் இது உச்சத்துக்குப் போகிறது. வெரோனிகாவின் தாய்க்கும் ஜேக் கேனுக்கும் பழைய உறவு இருந்திருக்கிறது. அப்படியானால் தன் உண்மையான தந்தை யார்? அவள் மரபணுச் சோதனைக்கு அனுப்புகிறாள், முடிவும் வந்து சேர்கிறது. ஊரில் எல்லோருடைய ரகசியத்தையும் பிரித்துப் படிக்கிற பெண், இந்த ஒரு காகிதத்தை மட்டும் படிக்காமலேயே துண்டாக்கும் இயந்திரத்தில் விட்டுவிடுகிறாள். துப்பறிவாளர் ஒருவர் சாட்சியத்தை அழிக்கிறார் என்று பார்த்தால் இது குற்றம். மகள் ஒருத்தி தன் அப்பாவைத் தேர்ந்தெடுக்கிறாள் என்று பார்த்தால் தொடரின் மிகச் சிறந்த காதல் காட்சியே இதுதான்.

சீசனின் கடைசி அத்தியாயத்தில், கீத் தானாகவே சோதனை செய்து, அவள் தன் சொந்த மகள்தான் என்று காட்டுகிறார். எனக்கு அது தேவைப்படவில்லை. துண்டாக்கிய காகிதமே போதுமானதாக இருந்தது. தொலைக்காட்சிக்கு எதையும் அரைகுறையாக விடப் பிடிக்காது.

லோகன் எப்படி மாறினான்

நடிப்பு ஒரு தொடரின் கதையையே திருப்பிவிடும் என்பதற்கு லோகனைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. முதல் அத்தியாயத்தில் அவன் முழு வில்லன். லில்லியின் காதலனாக இருந்தவன், பிரபல நடிகர் ஆரன் எக்கோல்ஸின் மகன், திமிரின் மறு உருவம். வெரோனிகாவின் காரை உடைப்பவன். ஜேசன் டோரிங் முதலில் ஆடிஷன் கொடுத்தது வெரோனிகாவின் முன்னாள் காதலன் டன்கன் கேன் பாத்திரத்துக்கு. டன்கனாக நடித்த டெடி டன் ஆடிஷன் கொடுத்தது லோகனுக்கு. இருவரும் இடம் மாறியதில் தொடரின் தலைவிதியும் மாறிப்போனது. ஆரம்பத் திட்டத்தில் வெரோனிகாவுக்கும் லோகனுக்கும் காதல் என்பதே இல்லை. பெல்லும் டோரிங்கும் சேர்ந்து நடித்த காட்சிகளில் ஏதோ தெறிப்பதைக் கண்டபிறகுதான் எழுத்தாளர்கள் கதையை அந்தப் பக்கம் கொண்டுபோனார்கள்.

அது எப்படி நடந்தது என்று காட்சி காட்சியாகப் பார்க்கலாம். ஆறாவது அத்தியாயம். வீடற்ற மனிதர்களை மோதவிட்டு வேடிக்கை பார்த்த லோகனின் செயல் வெளியே தெரிந்துவிடுகிறது. தந்தை ஆரன் தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள, அவனை ஏழைகளுக்கு உணவு வழங்கும் இடத்துக்கு அழைத்துப்போய்ப் பத்திரிகையாளர்கள் முன் நிறுத்துகிறார். லோகன் அங்கேயே, அப்பா ஐந்து லட்சம் டாலர் நன்கொடை தருவார் என்று சிரித்த முகத்தோடு அறிவித்துவிடுகிறான். பழிவாங்கலில் கில்லாடி. அன்றிரவு வீட்டில், அலமாரியில் வரிசையாகத் தொங்கும் பெல்ட்டுகளில் ஒன்றை அவனே தேர்ந்தெடுக்கிறான். அவனுக்கு இந்தச் சடங்கு பழகிப்போனது என்பது அவன் கை அந்த வரிசையில் நகர்கிற விதத்தில் தெரிகிறது. அடி விழும் சத்தம் கேட்கிறது. வெளியே தாய் கையில் மதுக்கோப்பையோடு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

இந்தக் காட்சியில் வெரோனிகா இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தொடர் பெரும்பாலும் அவள் கண் வழியாகவும் குரல் வழியாகவும்தான் நகரும். இங்கே மட்டும் துப்பறிவாளருக்குத் தெரியாத ஒன்றைப் பார்வையாளருக்குச் சொல்லிவிடுகிறது. அதனால் லோகனோடு முதலில் உறவு ஏற்படுவது அவளுக்கு இல்லை, நமக்கு. அடுத்த பல அத்தியாயங்களுக்கு அவன் பள்ளியில் எவ்வளவு ஆணவமாகப் பேசினாலும் நாம் அவன் முதுகையே நினைத்துக்கொண்டிருப்போம். டோரிங் அந்த ஆணவத்தைக் கொஞ்சமும் குறைக்கவில்லை. இரக்கத்தைச் சம்பாதிக்க முயன்றிருந்தால் எல்லாம் கெட்டிருக்கும்.

பதினைந்தாவது அத்தியாயத்தில் அடுத்த படி. லோகனின் தாய் பாலத்திலிருந்து குதித்து இறந்துவிட்டதாக எல்லோரும் நம்புகிறார்கள், உடல் கிடைக்கவில்லை. அவள் எங்கேயோ உயிரோடு இருக்கிறாள் என்று நம்பும் லோகன், தான் வெறுக்கும் வெரோனிகாவிடமே வந்து தேடித்தரச் சொல்கிறான். தாயின் கிரெடிட் கார்டை யாரோ பயன்படுத்தியிருக்கிறார்கள். இருவரும் அந்த ஹோட்டலுக்குப் போகிறார்கள். வந்து நிற்பது தாய் இல்லை, அவன் அக்கா டிரீனா. அந்த நொடியில் டோரிங் செய்வது மிக எளிமையானது. முகம் ஒரு சின்னப் பையனின் முகமாகிவிடுகிறது. உடைந்து அழுகிறான், வெரோனிகா பிடித்துக்கொள்கிறாள். பெல்லின் கைகளில் முதலில் ஒரு தயக்கம். கட்டிப்பிடிப்பதா வேண்டாமா என்று தெரியாத கைகள். பிறகு இறுகுகின்றன. காதல் என்று எழுத்தாளர்கள் எழுதியது பதினெட்டாவது அத்தியாயத்தில், ஒரு விடுதியின் மாடி வராந்தாவில் நடக்கிற எதிர்பாராத முத்தமாக இருக்கலாம். ஆனால் அது முடிவானது இந்த ஹோட்டல் கூடத்தில்தான்.

இந்தக் காதல் வந்த பிறகு நடிகருக்கு வேலை இன்னும் கடினமாகிறது. ஏனென்றால் லோகன் லில்லி கொலையில் சந்தேக நபர். வெரோனிகா அவனை முத்தமிடுகிறாள், அதே நேரத்தில் அவன் கொன்றிருப்பானோ என்றும் யோசிக்கிறாள். ஒவ்வொரு காட்சியும் இரண்டு வழியாகப் படிக்க முடிவதாக இருக்க வேண்டும். அவன் மௌனமாக இருந்தால் அது துக்கமா, மறைப்பா? மேடை நாடகத்தில் இந்த இரட்டை வாசிப்பு இரண்டு மணி நேரம் தாங்கினால் போதும், இங்கே மாதக்கணக்கில் தாங்க வேண்டும். டோரிங் கையாண்ட வழி, லோகனைத் தன்னைத் தானே வெறுப்பவனாக நடித்தது. தன்னை வெறுப்பவன் குற்றவாளியாகவும் இருக்கலாம், பாதிக்கப்பட்டவனாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் ஒரே முகம்தான்.

டெடி டன்னின் டன்கன் இதற்கு நேர் எதிர். டன்கன் மருந்துகளின் மயக்கத்தில் உலகத்தோடு ஒட்டாமல் திரிபவன். சந்தேக நபராக அந்த வெறுமை நன்றாகவே வேலை செய்கிறது. எதையும் காட்டாத முகத்துக்குப் பின்னால் எதையும் ஊகிக்கலாம். ஆனால் காதலனாக அது கைகொடுக்கவில்லை. இரண்டாவது சீசனில் அவனை மறுபடி வெரோனிகாவோடு சேர்த்துவைத்துப் பார்த்தார்கள். அதே சீசனின் நடுவில் கைக்குழந்தையோடு நாட்டைவிட்டே ஓடவைத்துக் கதையை முடித்துவிட்டார்கள். ஓடிப்போகிற அத்தியாயம்தான் அவன் பங்குக்கு வந்ததில் ஆகச் சிறந்தது என்பதில் ஒரு சின்ன நியாயம் இருக்கிறது.

கொலையாளி ஆரன் எக்கோல்ஸ். மகனின் காதலியோடு ரகசிய உறவு வைத்திருந்தவர், அதற்குச் சாட்சியான ஒளிநாடாக்களை அவள் எடுத்துவிட்டதால் கொன்றவர். ஹாரி ஹாம்லின் அவரை ஒரு பொழுதும் இருட்டான மனிதராக நடிக்கவில்லை. எப்போதும் கேமரா முன்னால் இருப்பவர் போன்ற சிரிப்பு. மகளை அடித்த காதலனை ஆரன் தன் வீட்டிலேயே பெல்ட்டால் விளாசும் காட்சி ஒன்று இறுதிக்கு முன்பே வந்துவிடுகிறது. மகளுக்காகப் பரிந்து வந்த தந்தை என்று அதைக் கைதட்டிப் பார்த்தவர்கள் உண்டு. அந்தக் கையின் லாவகத்தை ஆறாவது அத்தியாயத்தில் நாம் ஏற்கெனவே பார்த்திருக்கிறோம். விடை கண்முன்னே கிடந்தது.

திரும்பிப் பார்த்தால் அந்த சீசன் மூன்று தந்தைகளின் கதை. ஜேக் கேன், தன் மகன் டன்கன்தான் அக்காவைக் கொன்றுவிட்டான் என்று நம்பி உண்மையை மூடி மறைக்கிறார். ஆரன் தன் மகனை அடிக்கிறார், அவனுடைய காதலியையும் பறித்துக்கொள்கிறார். கீத், கடைசி அத்தியாயத்தில், பழைய குளிர்சாதனப் பெட்டிக்குள் பூட்டப்பட்டுச் சுற்றிலும் தீ எரிய மகள் கிடக்கும்போது அந்தத் தீக்குள் நடக்கிறார். அதே அத்தியாயத்தின் முடிவில் வெரோனிகா, குடியை விடாத தன் தாயைப் போய்விடும்படி சொல்வதும் இந்தக் கணக்கில் சேரும். கொலையாளியைக் கண்டுபிடித்ததைவிட அவளுக்கு அதுதான் கடினமாக இருந்தது என்பது பெல்லின் குரலில் தெரியும். நக்கல் சுத்தமாக இல்லாத குரல் அது.

செத்தவள், ஆசிரியர், தம்பி

லில்லி கேனாக நடித்த அமண்டா சைஃப்ரெட், முதலில் ஆடிஷன் கொடுத்தது வெரோனிகா பாத்திரத்துக்குத்தான். அது கிடைக்காமல் செத்தவளாக வந்தார். அவர் நடிப்பைப் பார்த்தபிறகு, முதலில் திட்டமிட்டதைவிட அதிகமான பின்னோக்குக் காட்சிகளில் அவரைப் பயன்படுத்தினார் ராப் தாமஸ். இதனால் கிடைத்தது பெரிய லாபம். மர்மக் கதையில் செத்தவர்கள் சீக்கிரமே ஒரு புகைப்படமாகச் சுருங்கிவிடுவார்கள். சைஃப்ரெட்டின் லில்லி அப்படிச் சுருங்க மறுக்கிறாள். கூச்சமில்லாதவள், சுயநலமானவள், பொய் சொல்பவள், ஆனால் அவள் இல்லாத அறை வெறிச்சென்று இருக்கும். தோழியைக் கொன்றவனைத் தேடுகிற வெரோனிகா, போகப்போகத் தோழி தன்னிடம் எவ்வளவு மறைத்திருக்கிறாள் என்பதையும் தெரிந்துகொள்கிறாள். ஏழைக் குடும்பத்துப் பையனான வீவிலோடு அவளுக்கு இருந்த உறவு உட்பட. 1990-இல் 'ட்வின் பீக்ஸ்' தொடரிலும் இதே போல நடந்தது. பிணமாகக் கிடப்பதற்காக மட்டும் அழைத்த ஷெரில் லீயை விட்டுவிட மனமில்லாமல், செத்தவளின் சாயலில் ஒரு உறவுக்காரப் பெண்ணையே கதைக்குள் கொண்டுவந்தார்கள்.

இப்போது வயது விஷயம். பதினான்காவது அத்தியாயத்தில், மாணவியோடு உறவு வைத்திருந்ததாக ஓர் ஆசிரியர் மீது குற்றச்சாட்டு. ஆடம் ஸ்காட் நடித்த அந்த ஆசிரியரை வெரோனிகாவுக்குப் பிடிக்கும், நமக்கும் பிடித்துவிடும். வேடிக்கையாகப் பேசுபவர், மாணவர்களை மதிப்பவர். குற்றம்சாட்டும் மாணவியாக லைட்டன் மீஸ்டர், யாருக்கும் பிடிக்காத, வம்பு பேசுகிற பெண். வெரோனிகா ஆசிரியருக்காக வாதாடக் கிளம்புகிறாள், கீத் மறுதரப்பில் நிற்கிறார். மாணவி சொன்ன விவரங்களில் பொய்யை நிரூபித்தும்விடுகிறாள். கடைசியில்தான் தெரிகிறது, அந்தப் பெண் தன் தோழிக்கு நடந்ததைத் தனக்கு நடந்ததாகச் சொல்லியிருக்கிறாள். ஆசிரியர் செய்தது உண்மை. உறவுதான் துப்பு என்றால், உறவுதான் கண்ணைக் கட்டும் துணியும்கூட. பிடித்தவர், பிடிக்காதவர் என்கிற இரண்டே அளவுகோலை வைத்து விசாரித்தால் என்ன ஆகும் என்பதைக் கதாநாயகியின் முகத்திலேயே அறைந்து சொன்ன அத்தியாயம் இது.

இதை 2010 முதல் 2017 வரை 160 அத்தியாயங்கள் ஓடிய 'பிரட்டி லிட்டில் லையர்ஸ்' தொடரோடு வைத்துப் பார்த்தால் வித்தியாசம் விளங்கும். அங்கே பள்ளி மாணவி ஆரியாவும் அவளுடைய ஆசிரியர் எஸ்ராவும் தொடரின் பெருங்காதல் ஜோடி, இறுதியில் திருமணமும் நடக்கிறது. தொடர் தொடங்கியபோது ஆரியாவாக நடித்த லூசி ஹேலுக்கு 21 வயது ஆகவிருந்தது. எஸ்ராவாக நடித்த இயன் ஹார்டிங்குக்கு 23. திரையில் தெரிவது ஏறக்குறைய ஒரே வயதுள்ள, அழகான இரண்டு பெரியவர்கள். ஒருத்தி பள்ளிச் சிறுமி என்பதைப் பார்வையாளர் மறந்துவிடுகிறார், மறக்கத்தான் வைக்கிறார்கள். வயது வந்தவர்களைப் பிள்ளைகளாக நடிக்க வைப்பதன் விலை என்று நான் முன்பு சொன்னது இதைத்தான். நடிகர்களின் உண்மையான வயது, கதையில் நடக்கிற தவற்றுக்குத் திரைபோட்டுவிடுகிறது. உண்மையிலேயே பதினைந்து, பதினாறு வயது முகம் அங்கே இருந்திருந்தால் அந்தக் காதல் இரண்டு அத்தியாயங்கள்கூடத் தாங்கியிருக்காது.

அதே தொடரில் இதற்குத் தலைகீழான ஓர் ஆச்சரியமும் உண்டு. தோழிகள் எல்லோரையும் விரல் நுனியில் ஆட்டிவைக்கும் ஆலிசனாக நடித்த சாஷா பீட்டர்ஸ், மற்றவர்களைவிட மிக இளையவர். தொடர் ஒளிபரப்பானபோது அவருக்கு 14 வயது. இருபதுகளில் இருந்த நடிகைகளை மிரட்டி அடக்குகிற பெண்ணாக அவர் நடித்து நம்ப வைத்தார். அவசரமில்லாத பேச்சும், எதிரே இருப்பவர் பதறட்டும் என்று காத்திருக்கிற புன்னகையும் போதுமாக இருந்தன. ஆனால் அந்தத் தொடரில் நடிப்பு வீணாகப் போன இடங்கள்தான் அதிகம். தோழிகளை மறைந்திருந்து மிரட்டும் மர்ம மனிதர் யார் என்பதை 2012-இல் ஒரு முறை அவிழ்த்தார்கள். ஜனெல் பாரிஷ் நடித்த மோனா என்கிற அந்த விடை, அவமானப்பட்ட தோழியின் கோபத்திலிருந்து பிறந்ததால் பொருந்தியது. அதன் பிறகு 2015-இல் ஒரு விடை, 2017-இல் இன்னொரு விடை. விடை மாறிக்கொண்டே போனால் முந்தைய சீசன்களின் பார்வைகள், தயக்கங்கள், மௌனங்கள் எல்லாம் செல்லாக் காசாகிவிடும்.

செல்லாக் காசாகாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்பதற்கு 'வெரோனிகா மார்ஸ்' இரண்டாவது சீசனின் காசிடி காசாப்லாங்காஸ். எல்லோரும் பட்டப்பெயர் வைத்தே கூப்பிடுகிற, அண்ணனின் நிழலில் ஒதுங்கி நிற்கிற பையன். கைல் கால்னர் அவனைத் தோளைக் குறுக்கிக்கொண்டே நடிக்கிறார். கணினியில் கெட்டிக்காரியான மேக் என்கிற பெண்ணோடு அவனுக்குக் காதல். தொடரிலேயே மிக இனிமையான ஜோடி. அவள் நெருங்கும்போதெல்லாம் அவன் விலகுகிறான். கூச்சம் என்று எடுத்துக்கொள்கிறோம். பள்ளிப் பேருந்தை வெடிக்கவைத்துப் பலரைக் கொன்றவன் அவன்தான், விருந்தில் வெரோனிகாவைச் சீரழித்தவனும் அவன்தான், சிறுவயதில் அவனே ஒரு பெரியவரால் சீரழிக்கப்பட்டவன் என்று கடைசியில் தெரியவரும்போது, அந்த ஒவ்வொரு விலகலுக்கும் வேறு அர்த்தம் வந்துவிடுகிறது. ஹோட்டல் மொட்டை மாடியில், குதிக்காதே என்று லோகன் பட்டப்பெயர் சொல்லிக் கத்துகிறான். என் பெயர் காசிடி என்கிறான் அவன். லோகன் பெயரைத் திருத்திச் சொல்கிறான். ஏன் குதிக்கக் கூடாது என்று கேட்கிறான் காசிடி. லோகனிடம் பதில் இல்லை. டோரிங் வாயைத் திறந்து, ஒன்றும் வராமல் நிற்கிறார். அவனைக் காப்பாற்றக்கூடிய ஒரே பொருள் ஓர் உறவு, அப்படி ஒன்று அவனுக்கு ஊரில் யாரோடும் இருக்கவில்லை.

பெர்சி டாக்ஸ் நடித்த வாலஸைப் பற்றிச் சொல்லாமல் விடக் கூடாது. முதல் அத்தியாயத்தில் கொடிக்கம்பத்தில் டேப் ஒட்டிக் கட்டிவைக்கப்பட்ட புதிய மாணவனை வெரோனிகா அறுத்து விடுவிக்கிறாள், நட்பு தொடங்குகிறது. ஆணும் பெண்ணும் கடைசிவரை வெறும் நண்பர்கள், காதலாக மாறவே இல்லை. பள்ளி அலுவலகக் கோப்புகளை எடுத்துக்கொடுப்பவன் அவன்தான், அவள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள், அவன் செய்துகொண்டே இருக்கிறான். அந்த நட்பில் கணக்கு ஒருபக்கமாகச் சாய்ந்திருப்பதை இன்னும் அதிகமாகத் தோண்டியிருக்கலாம்.

மூன்றாவது சீசனில் தொடர் யுபிஎன்னிலிருந்து சிடபிள்யூ தொலைக்காட்சிக்கு மாறியது. வெரோனிகா கல்லூரிக்குப் போனாள். சீசன் முழுதும் ஓடுகிற ஒற்றை மர்மத்துக்குப் பதிலாகக் குறுகிய மர்மங்கள் வந்தன. 2007 மே மாதம் தொடர் நிறுத்தப்பட்டது. குறுகிய மர்மத்தில் உறவு ஊறுவதற்கு நேரமில்லை. லோகனும் வெரோனிகாவும் சேர்வதும் பிரிவதுமாக அலைக்கழிக்கப்பட்டார்கள், பிரிவதற்கான காரணம் விசாரணையிலிருந்து வராமல் எழுத்தாளர் மேசையிலிருந்து வந்தது. ஆனாலும் ரசிகர்கள் விடவில்லை. 2013 மார்ச்சில், பொதுமக்களிடம் நிதி திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் திரைப்படத்துக்காகக் கேட்ட 20 லட்சம் டாலர் ஒரே நாளுக்குள் சேர்ந்தது, முடிவில் 91,000-க்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்து 57 லட்சம் டாலர் கொடுத்தார்கள். துப்பறியும் கதையின் விடை தெரியாமல் தவித்துப் பணம் கொடுத்தவர்கள் அதில் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். அந்த மனிதர்களை மறுபடி ஒரே அறையில் பார்க்கத்தான் கொடுத்தார்கள்.

2019-இல் ஹுலு தளத்தில் எட்டு அத்தியாயங்களாக நான்காவது சீசன் வந்தது. வெரோனிகா இப்போது முப்பதுகளில் இருக்கும் முழுநேரத் துப்பறிவாளர். கடைசி அத்தியாயத்தில் அவளுக்கும் லோகனுக்கும் திருமணம் நடக்கிறது, உடனேயே காரில் வைத்த குண்டு வெடித்து லோகன் சாகிறான். ரசிகர்கள் கொந்தளித்தார்கள். தொடர் தொடர்ந்து பிழைக்க வேண்டுமானால் அது துப்பறியும் கதையாக இருக்க வேண்டும், பாதி பதின்பருவக் காதல் கதையாக நீடிக்க முடியாது என்பது ராப் தாமஸ் சொன்ன விளக்கத்தின் சாரம். தொழில் கணக்காகப் பார்த்தால் புரிகிற வாதம்தான். வெரோனிகாவிடம் இப்போது உரிமம் இருக்கிறது, கட்டணம் வாங்குகிறாள், எந்தக் கதவைத் தட்டவும் யாரையும் காதலிக்க வேண்டியதில்லை.

ஆனால் அந்த சீசனில் எது நெஞ்சைப் பிடித்தது என்று பார்த்தால் குண்டுவெடிப்புகள் இல்லை. வயதான கீத்துக்கு அவ்வப்போது நினைவு தப்புகிறது. பேசிக்கொண்டிருக்கும்போதே எதைச் சொல்ல வந்தோம் என்பது கைநழுவுகிறது, அதை ஒரு நகைச்சுவையால் மூடப் பார்க்கிறார், இந்த முறை நகைச்சுவையும் சரியாக வருவதில்லை. மகள் கவனிக்கிறாள், கவனிக்காதது போல நடிக்கிறாள். கடைசியில் அது மருந்துகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாததால் வந்த கோளாறு என்று தெரிகிறது. யார் குண்டு வைத்தது என்கிற கேள்வியைவிட, அப்பாவுக்கு என்ன ஆகிறது என்கிற கேள்விக்காகத்தான் நான் அடுத்தடுத்த அத்தியாயங்களை ஓடவிட்டேன். அந்தக் கேள்விக்கு வெரோனிகாவின் உரிமம் எந்த வகையிலும் உதவவில்லை.